ஜனவரி காலையில் கொயோட்டியைக் கூப்பிடுவது எப்படி? (வெள்ளாட்டுப் பண்ணை, ஜங்ஷன், டெக்சாஸ்)

ஆஸ்டின்_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஜங்ஷன் ஊர்ப் பக்கம், லானோ ஆற்றை ஒட்டி, என்னோடு வேலை செய்பவரின் மாமனாருக்கு வெள்ளாட்டுப் பண்ணை இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் ஆடுகள் குட்டி போட ஆரம்பிக்கும். அதற்குள், ஓநாய்க்குச் சொந்தமான காட்டு நாய் இனமான கொயோட்டிகளைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டும் என்று பெரியவர் நினைக்கிறார். என்னையும் ஒரு காலை வரச் சொல்லியிருக்கிறார்.

வேட்டை உரிமம் வாங்கிவிட்டேன், ஹன்டர் எஜுகேஷன் வகுப்பும் முடித்துவிட்டேன். கையில் .223 போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி இருக்கிறது. மான் வேட்டைக்கு மறைப்பில் உட்கார்ந்து பழக்கம் உண்டு. ஆனால் நாமே சத்தம் கொடுத்து ஒரு மிருகத்தை வரவழைப்பது எனக்குப் புதிது. எங்கே உட்கார வேண்டும், என்ன சத்தம் கொடுக்க வேண்டும், ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம்? ரிமோட்டில் இயங்கும் ஸ்பீக்கர் ஒன்றைப் பெரியவர் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா, வாயில் வைத்து ஊதும் கருவியும் வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெஸ்கீட்_அண்ணன் எழுதியது:

தம்பி, சத்தத்தைக் கடைசியில் பார்க்கலாம். காற்றிலிருந்து ஆரம்பியுங்கள். கொயோட்டி காதால் கேட்டு வரும், கண்ணால் தேடும், ஆனால் நம்புவது மூக்கைத்தான். சத்தம் வந்த இடத்துக்கு நேராக ஓடி வருபவை பெரும்பாலும் இளசுகள். அனுபவப்பட்டது அப்படி வராது. வட்டமடித்து, சத்தம் வரும் இடத்தைத் தாண்டிக் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போய் நின்று முகர்ந்து பார்க்கும். மனித வாடை லேசாகப் பட்டாலும் அப்புறம் நீங்கள் பார்ப்பது அதன் வாலைத்தான். வாடை நீக்கும் ஸ்ப்ரே என்று கடையில் விற்பதை நம்பி உட்காராதீர்கள்.

காற்று வலமிருந்து இடமாக வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை உங்களுக்கு முன்னால், வலப்பக்கமாக, 40 அல்லது 50 யார்டு தள்ளி வையுங்கள். கொயோட்டியின் கவனம் ஸ்பீக்கர் மேல் இருக்கும், உங்கள் மேல் இருக்காது. அது சுற்றி வரப்போவது இடப்பக்கம். அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டும் தூரம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். உங்கள் வாடை போகும் பாதைக்குள் அது நுழைவதற்கு முன்பே உங்கள் கண்ணில் பட வேண்டும், கணக்கு இவ்வளவுதான். இடப்பக்கம் முழுக்க சீடர் புதராக இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள், மற்றது எவ்வளவு அழகாக அமைந்தாலும் சரி.

ஜங்ஷன் பக்கம் மேடும் பள்ளமுமான பூமி. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி ஓடையை நோக்கி வழியும். வெயில் ஏறியதும் அதே காற்று மேல்நோக்கித் திரும்பிவிடும். ஜனவரியில் அங்கே சூரியன் ஏழரை மணி வாக்கில்தான் எழும். ஆறே முக்காலுக்கு இருந்த காற்று ஒன்பது மணிக்கு இருக்காது. முகத்துக்குப் போடும் பவுடரைச் சின்ன டப்பா ஒன்றில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் உட்காரும் முன் ஒருமுறை அமுக்கி, தூள் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

அடுத்தது, உள்ளே நுழைவது. பாதிப் பேர் முதல் சத்தம் கொடுப்பதற்கு முன்பே அன்றைய வேட்டையை இழந்துவிடுகிறார்கள். பிக்கப்பை மேட்டுக்குப் பின்னால், நீங்கள் உட்காரப்போகும் பள்ளத்திலிருந்து தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். கதவை அறைந்து சாத்தாமல் இடுப்பால் தள்ளி மூடுங்கள். கேட் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டே இறக்குங்கள். பண்ணைக் கொயோட்டிகளுக்கு அந்தச் சங்கிலிச் சத்தம் நன்றாகவே தெரியும். மேட்டின் உச்சி மேல், பின்னால் வானம் தெரிய நடக்காதீர்கள். ஓரமாகச் சரிவில் இறங்கிப் போங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். புதருக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை. புதருக்கு முன்னால், அதன் நிழலில் உட்கார்ந்தால் உங்கள் உருவம் புதரோடு கலந்துவிடும், பார்வையும் மறையாது. துப்பாக்கியைத் தாங்கும் குச்சிகளை ஊன்றி, காற்று போகும் பக்கத்தை நோக்கித் தயாராக வைத்த பிறகுதான் ரிமோட்டைத் தொட வேண்டும்.

சத்தம் என்று பார்த்தால், முயல் அலறல் (சாகும் முயல் கத்தும் சத்தம்) எப்போதும் ஓடும். முதல் இரண்டு நிமிடம் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். ஒரு கொயோட்டி 100 யார்டில் படுத்திருக்கலாம், எடுத்த எடுப்பில் முழுச் சத்தம் கொடுத்தால் மிரண்டுவிடும். அப்புறம் மெதுவாக ஏற்றுங்கள். ஒரு ஸ்டாண்டுக்கு (ஓரிடத்தில் உட்கார்ந்து கூப்பிடுவதை அப்படிச் சொல்வோம்) 15 முதல் 20 நிமிடம். ஒன்றும் வரவில்லை என்றால் வந்த வழியே அமைதியாக வெளியேறி, ஒரு மைலாவது தள்ளி அடுத்த ஸ்டாண்ட் போடுங்கள். புதர் அடர்ந்த நாட்டில் சத்தம் வெகுதூரம் போகாது, அங்கே அரை மைல் போதும்.

ஓடி வருவதைச் சுடாதீர்கள். வாயால் ஒரே ஒரு தடவை நாய் மாதிரி "வஃப்" என்று குரைத்தால் பெரும்பாலும் நின்று பார்க்கும். அந்த இரண்டு வினாடிதான் உங்களுக்கு. சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். கொயோட்டிக் குட்டி வலியில் கத்தும் சத்தத்தை உடனே போடுங்கள். ஜோடியாக வந்திருந்தால் இரண்டாவது திரும்பி வரும் வாய்ப்பு உண்டு.

டூசான்_ஊதல் எழுதியது:

மெஸ்கீட் அண்ணன் சொன்ன காற்றுப் பாடத்துக்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. நான் ஊதலுக்காகப் பேச வந்தேன்.

ஸ்பீக்கர் நல்ல கருவிதான். பென்சில்வேனியாவில் லூயிஸ்டவுனிலிருந்து வரும் ஃபாக்ஸ்ப்ரோ பெட்டிகளை இங்கே அரிசோனாவிலும் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பகுதியில் எல்லோரும் அதே பெட்டியில் அதே முயல் சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால், உயிர் தப்பிய கொயோட்டி ஒவ்வொன்றும் அந்தச் சத்தத்தை மனப்பாடம் செய்துவிடும். வாயால் ஊதும்போது இரண்டு அலறல் ஒன்றாக இருக்காது. மூச்சு தடுமாறும், இடையில் அறுந்துபோகும். சாகிற முயலும் அப்படித்தான் கத்தும்.

புதிதாகப் பழகுபவருக்கு மூடிய நாக்கு (ஊதும்போது அதிரும் மெல்லிய தகடு) வைத்த ஊதல் சுலபம், சும்மா ஊதினாலே அலறும். திறந்த நாக்கு உள்ளதில் பிளாஸ்டிக் நாக்கை உதட்டாலோ பல்லாலோ லேசாக அழுத்த வேண்டும். நுனிப் பக்கம் அழுத்தினால் குரல் கீச்சென்று ஏறும், உள்ளே தள்ளி அழுத்தினால் தாழும். பழகிவிட்டால் அந்த ஒரே ஊதலில் முயலும் வரும், குட்டி அலறலும் வரும், ஊளையும் வரும். மூச்சை வயிற்றிலிருந்து விட வேண்டும். கன்னத்தை உப்பி ஊதினால் அரை நிமிடத்தில் களைத்துப்போவீர்கள். குளிர் காலையில் ஊதலைச் சட்டைக்குள் நெஞ்சோடு தொங்க விடுங்கள். வெளியே தொங்கினால் எச்சில் ஈரம் உறைந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும், சரியான நேரத்தில் சத்தமே வராது.

நீங்கள் போகிற பகுதிதான் இந்த வித்தைக்குத் தாய்வீடு என்பது தெரியுமா? ஜங்ஷனிலிருந்து கிழக்கே போனால் மார்பிள் ஃபால்ஸ். மர்ரி, வின்ஸ்டன் என்ற பர்ன்ஹாம் சகோதரர்கள் அங்கேதான் ஊதல் செய்து விற்று, நாடு முழுக்க இந்த வேட்டையைப் பரப்பினார்கள். வேக்கோவில் ஜானி ஸ்டூவர்ட் உண்மையான மிருகங்களின் குரலைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றார். இன்றைய ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னோடி அதுதான்.

எங்கள் மாநிலத்துக்கு யாராவது வருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கிழக்கு அரிசோனாவிலும் நியூ மெக்சிகோ எல்லையிலும் 1998 முதல் மெக்சிகன் ஓநாய்களைத் திரும்பக் காட்டில் விட்டிருக்கிறார்கள். அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, இதே சத்தத்துக்கு அவையும் வரலாம். காது குட்டையாக, முகம் அகலமாக, கால் பெரிதாக இருந்தால் விரலை விசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டல்லாஸ்_ஹெச்1பி எழுதியது:

இழையை வேறு பக்கம் திருப்புவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் துப்பாக்கியைத் தொடலாமா?

சட்டக்காரி எழுதியது:

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் பண்ணைக்குப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஹெச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. அதற்கு விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதில் ஒன்று. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் "வைத்திருப்பது" என்ற கணக்கில் வரும்.

இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். டெக்சாஸில் ஆண்டு வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். அதற்குப் பிறகு புதுப்பிக்காமல் வீட்டில் துப்பாக்கி இருந்தால், நீங்கள் எந்த விலக்கை நம்பினீர்களோ அது கையில் இல்லை. இது குடியேற்ற வழக்காகவும் திரும்பும் விஷயம், ஆகையால் உங்கள் நிலைக்கு ஏற்ப வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஹன்டர் எஜுகேஷன் வகுப்பும் கட்டாயம்.

தம்பியின் விஷயத்தில், கொயோட்டி அங்கே "நான் கேம்" (non-game, வேட்டைப் பருவம் வகுக்கப்படாத விலங்கு) வகை. தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு, ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம், எண்ணிக்கை வரம்பும் இல்லை.

சிகாகோ_அமுதா எழுதியது:

//கொயோட்டிகளைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டும்//

இந்த வரியில்தான் எனக்குச் சிக்கல். எங்கள் குக் கவுன்டியில் 2000ஆம் ஆண்டிலிருந்து கொயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை போட்டுப் பின்தொடர்ந்து ஆராய்கிறார்கள். விமான நிலையம், ரயில் பாதை, கல்லறைத் தோட்டம் என்று எல்லா இடத்திலும் குடும்பமாக வாழ்கின்றன. பெரும்பாலும் எலியும் முயலும் தின்று, மனிதரிடமிருந்து ஒதுங்கியே இருக்கின்றன. நூறாண்டுக்கு மேலாக அமெரிக்க அரசும் பண்ணைக்காரர்களும் கொயோட்டியை விஷம் வைத்தும், கண்ணி வைத்தும், விமானத்திலிருந்து சுட்டும் கொன்றிருக்கிறார்கள். அது மேற்குச் சமவெளியிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை பரவியதுதான் மிச்சம். 1975இல் கலிபோர்னியாவில் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 வீதம் கொன்றால்கூட முற்றாக அழிய 50 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று வந்தது. கொல்லக் கொல்ல, மிச்சமுள்ளவை கூடுதலாகக் குட்டி போடுகின்றன. ஒரு காலை வேட்டையில் தம்பி எதைக் குறைக்கப் போகிறார்? கஷ்டத்தில் கத்தும் குட்டியின் குரலைக் காட்டி ஒரு தாயை ஏமாற்றி வரவழைப்பதும் எனக்கு உறுத்துகிறது. யாரையும் புண்படுத்த எழுதவில்லை.

மாட்டு_டாக்டர் எழுதியது:

அமுதா அவர்களே, மொத்த எண்ணிக்கை பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் கான்சாஸில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். வேட்டையால் கொயோட்டி இனம் குறையும் என்று விவரம் தெரிந்த எந்தப் பண்ணைக்காரரும் சொல்ல மாட்டார். அவர் கேட்பது வேறு: என் குட்டிகள் விழும் இந்த ஆறு வாரத்தில், என் வேலிக்குள், எந்தக் கொயோட்டி கொல்கிறது?

அதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 1990களில் வட கலிபோர்னியாவில் ஹாப்லாண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் கொயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை போட்டு, எந்த ஆட்டை எது கொன்றது என்று தேடினார்கள். கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லையைப் பிடித்து வைத்திருந்த ஜோடிகள், குட்டி வளர்க்கும் பெரிய ஆணும் பெண்ணும். ஊர் சுற்றும் இளசுகள் ஆட்டைத் தொட்டது குறைவு. வழக்கமான கண்ணியிலும் துப்பாக்கியிலும் அதிகமாக மாட்டியவையோ அந்த இளசுகள்தான். குற்றவாளி ஒருவன், தண்டனை இன்னொருவனுக்கு. எண்ணிக்கை காட்டி மகிழும் வேட்டையால் ஆட்டுக்காரருக்குப் பயன் வராததற்கு இதுதான் காரணம்.

தம்பி, ஆகவே சத்தம் எது என்று கேட்பதற்கு முன் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். போன வருடம் குட்டி செத்ததா, செத்ததை யாராவது உரித்துப் பார்த்தார்களா? கொயோட்டி கொன்றிருந்தால் தொண்டையிலோ காதுக்குக் கீழேயோ பல் பதிந்த துளைகள் இருக்கும். தோலை உரித்தால் அந்த இடத்தில் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டி நிற்கும். இரத்தக் கட்டு இருந்தால் கடிபட்டபோது குட்டி உயிரோடு இருந்தது என்று அர்த்தம். துளை இருந்தும் இரத்தக் கட்டு இல்லையென்றால், செத்துக் கிடந்ததை எதுவோ வந்து தின்றிருக்கிறது. ஊர் நாய் என்றால் பின்தொடை, வால், காது என்று கண்ட இடமும் கிழிந்திருக்கும். மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. கத்தியை எடுத்து உரித்தே ஆக வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு.

மெஸ்கீட்_அண்ணன் எழுதியது:

டாக்டர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எங்கள் சான் ஏஞ்சலோ பக்கத்து முதியவர்கள் எந்த ஆராய்ச்சியும் படிக்காமலே இதைச் சொல்வார்கள்: ஆட்டைத் தொடாத ஜோடி உன் நிலத்தில் இருந்தால் அதை விட்டுவிடு. அது தன் எல்லைக்குள் வேறு கொயோட்டியை அண்ட விடாது. அதைச் சுட்டுவிட்டால் காலியான இடத்துக்கு வருகிற ஜோடி எப்படிப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் கொல்கிற ஜோடி என்று தெரிந்துவிட்டால், அதைக் கூப்பிடும் முறை வேறு. முயல் அலறலுக்கு அது மசியாது. ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் பருவம். பிப்ரவரி வாக்கில் உச்சம், அப்புறம் சுமார் 63 நாளில் குட்டி. இந்தக் காலத்தில் வயிற்றைவிட எல்லைதான் அதற்குப் பெரிது. விடிவதற்கு முன், தொலைவில் நின்று, அவை தாமாக ஊளையிடுவதைக் கேட்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வந்ததும், காற்று அனுமதித்தால், அரை மைலுக்குள் நெருங்கி உட்காருங்கள். அந்நியன் ஒருவன் வந்திருக்கிறான் என்று தோன்றும்படி ஒரே ஒரு தனி ஊளை கொடுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். பதில் வந்தாலும் உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். ஐந்தாறு நிமிட மௌனம் நரக வேதனையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆண் பெரும்பாலும் சத்தமே இல்லாமல்தான் வரும்.

அமுதா தங்கச்சி கேட்டதில் இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது, ஏமாற்றி அழைப்பது பற்றி. எனக்கு அதில் பதில் இவ்வளவுதான்: விஷம் எது தின்கிறது என்று பார்ப்பதில்லை, கண்ணியில் எது கால் வைக்கும் என்று தெரியாது. இந்த முறையில் எதிரே வந்து நிற்பது இன்னதுதான் என்று கண்ணால் பார்த்து, வேண்டாம் என்றால் விட்டுவிட முடிகிறது. தெளிவாகத் தெரியாத தூரத்தில் சுடாமல் இருக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த வேட்டை.

கொங்குக்காரன் எழுதியது:

நான் வேட்டைக்காரன் இல்லை, ஆட்டுக்காரக் குடும்பம், தாராபுரம் பக்கம். இந்த இழையைப் படித்ததும் நரிக்குறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நரி போலவே ஊளையிட்டு, நரியை வலைக்குள் வரவழைத்துப் பிடிப்பதில் அவர்கள் பேர்போனவர்கள். கருவி கிடையாது, தொண்டைதான். இன்றைக்கு அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரி வேட்டை குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு குள்ளநரி, மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. அதனால் இந்த இழையைப் பார்த்துவிட்டு ஊரில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

தம்பிக்கு ஒரு சந்தேகம்: அந்தப் பண்ணையில் காவல் நாய் உண்டா? டெக்சாஸில் ஆட்டோடு ஆடாகவே கிரேட் பிரனீஸ், அனடோலியன் நாய்களை விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கொயோட்டிக் குட்டி கத்துகிற சத்தத்தைப் போட்டால் அந்த நாய் முதலில் ஓடி வராதா?

மெஸ்கீட்_அண்ணன் எழுதியது:

கொங்குக்காரரே, மிக முக்கியமான கேள்வி. கட்டாயம் ஓடி வரும். பிரனீஸ் வெள்ளை நிறம், ஓரளவு தெரிந்துவிடும். அனடோலியன் மங்கிய பழுப்பு. விடியல் வெளிச்சத்தில், புல்லுக்கு நடுவே தலை மட்டும் தெரிந்தால் யாருக்கும் குழப்பம் வரும். தம்பி, பக்கத்துப் பண்ணை நாய்களையும் சேர்த்துக் கேளுங்கள், அவை வேலியைப் பொருட்படுத்தாது. பெரியவரிடம் சொல்லி, அந்தக் காலை மட்டும் நாய்களைப் பட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் யார் எந்தப் பக்கம் சுடலாம் என்பதை உட்காரும் முன்பே பேசிவிடுங்கள். தோட்டாவுக்குப் பின்னால் மண் மேடு இருக்க வேண்டும், மேட்டு விளிம்பில் நிற்பதைச் சுடக் கூடாது.

காவல் நாயைப் பற்றி இன்னொன்று. எங்கள் சான் ஏஞ்சலோவில் டெக்சாஸ் ஏ அண்டு எம் அக்ரிலைஃப் மையம் இந்த நாய்களுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. பெரியவருக்கு நேரம் இருந்தால் ஒருமுறை பேசிப் பார்க்கலாம். ஒரு காலை வேட்டையைவிட, ஆட்டோடு வளர்ந்த இரண்டு நல்ல நாய்கள் ஆண்டு முழுக்க வேலை செய்யும்.

ஆஸ்டின்_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தோம். நாய்களைப் பெரியவர் பட்டியில் அடைத்துவிட்டார், இரண்டுமே பிரனீஸ்.

முதல் ஸ்டாண்ட் ஓடைக்கரையில், மெஸ்கீட் மரங்களுக்கு நடுவே. (நம்ம ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் என்று முள்ளைப் பார்த்ததுமே தெரிகிறது.) முயல் சத்தத்துக்கு ஒரு சாம்பல் நரி வந்தது. ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்னங்காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதைச் சுடும் எண்ணமே வரவில்லை.

இரண்டாவது இடம் மேட்டுப் பக்கம். அண்ணன் சொன்னபடி ஒரே ஊளை, அப்புறம் மௌனம். வடக்கே இரண்டு குரல் சேர்ந்து பதில் கொடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, சப்பாத்திக்கள்ளிப் புதருக்குப் பக்கத்தில் ஒன்று தெரிந்தது. 300 யார்டு இருக்கும். பருத்த கழுத்து, குளிர்கால முடி, தோளில் கறுப்பு ஓடியிருந்தது. நெருங்கவே இல்லை. பக்கவாட்டில் நாலடி போகும், மூக்கைத் தூக்கும், நிற்கும். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து குரைக்க ஆரம்பித்தது. இரண்டு மூன்று குரைப்பு, கடைசியில் ஒரு சின்ன ஊளை, மறுபடியும் குரைப்பு. நாங்கள் எழும் வரை நிறுத்தவே இல்லை. பின்னால் வானம்தான் இருந்தது, அதனால் சுடவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? அங்கேயே இன்னும் கொஞ்சம் கூப்பிட்டிருக்க வேண்டுமா?

டாக்டர் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். போன வருடம் செத்த குட்டிகளில் கண்ணும் நாக்கும் இல்லாமல் இருந்தது என்கிறார். சிலதில் தொப்புள் பக்கம் கிழிந்திருந்ததாம். உரித்துப் பார்க்கவில்லை, கொயோட்டி என்றே நினைத்துவிட்டாராம்.

டூசான்_ஊதல் எழுதியது:

சுடாமல் வந்தது மிகச் சரி. அந்தக் குரைப்பு எச்சரிக்கை. ஏதோ ஒன்று சரியில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது, வாடையாக இருக்கலாம், அசைவாக இருக்கலாம். தன் ஜோடிக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறது. அந்த நிலைக்குப் போன கொயோட்டி நெருங்கி வருவது அரிது. மேலும் மேலும் சத்தம் கொடுத்தால் அந்தச் சத்தங்களையும் கற்றுக்கொண்டு போகும். எழுந்து வந்ததே நல்லது. நீங்கள் சொல்லும் கழுத்தும் நடத்தையும் பார்த்தால் அது இளசு இல்லை, அந்த எல்லையின் சொந்தக்காரன்.

மாட்டு_டாக்டர் எழுதியது:

கண், நாக்கு, தொப்புள் என்றதும் எனக்குக் கறுப்புக் கழுகின் (black vulture, பிணந்தின்னிக் கழுகு வகை) மேல்தான் சந்தேகம் வருகிறது. டெக்சாஸில் அது ஏராளம். கூட்டமாக வந்து, பிறந்து ஈரம் காயாத குட்டியையும், ஈனும் வலியில் படுத்திருக்கும் தாயையும் கொத்தும். முதலில் போவது கண்ணும் நாக்கும்தான். செத்துப் பிறந்த குட்டியையும் இதே மாதிரிதான் தின்னும், ஆகையால் உரித்து இரத்தக் கட்டு பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்தக் கழுகுக்கு இடம்பெயரும் பறவைகள் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் சுடக் கூடாது. குட்டி போடும் ஆடுகளை வீட்டுக்கு அருகில், கூரை உள்ள பட்டியில் வைத்துக்கொள்வதுதான் முதல் வைத்தியம்.

சிகாகோ_அமுதா எழுதியது:

தம்பி, பெரியவரிடம் இதைச் சொல்வீர்களா? செய்யாத குற்றத்துக்கு அந்த ஜோடி சாகக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது. இந்த இழையில் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னதற்கு அண்ணனுக்கும் டாக்டருக்கும் நன்றி.

ஆஸ்டின்_தம்பி எழுதியது:

சொல்லிவிட்டேன் அக்கா, நேற்று இரவு போனில். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, இந்த முறை உரித்துப் பார்ப்போம், அதுவரை அந்த மேட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம்" என்றார். ஈனும் ஆடுகளை வீட்டை ஒட்டிய கொட்டகைக்கு மாற்றப் போகிறார். தொண்டையில் கடித்த குட்டி கிடைத்தால் என்ன செய்வது என்றும் கேட்டார்.

மெஸ்கீட்_அண்ணன் எழுதியது:

கிடைத்தால், கிடைத்த இடத்திலேயே விட்டுவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அடுத்த நாள் காலை, வந்த பாதை வேண்டாம், வேறு பக்கத்திலிருந்து நுழையுங்கள். தெற்குக் காற்று என்றால் ஆற்றுப் பக்கமாக வடக்கிலிருந்து இறங்கலாம். போன முறை போட்ட ஊளையை மறுபடி போடாதீர்கள். சத்தத்தைக் குறைத்து, குட்டி அலறல் மட்டும், அதுவும் விட்டு விட்டு. பின்னால் மேடு இருக்கும்படி, பள்ளத்தை நோக்கி உட்காருங்கள்.

சுட்டால் வெறும் கையால் தூக்காதீர்கள். உண்ணி, சொறி, நாடாப்புழு எல்லாம் இருக்கும். தென் டெக்சாஸில் கொயோட்டி வழியாகப் பரவிய வெறிநோயை, 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து உருண்டைகளைப் போட்டு ஒழித்தார்கள். ஆனால் ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு) வழியாக வரும் வெறிநோய் இன்னும் அந்தப் பக்கம் உண்டு. தள்ளாடி நடக்கிற, பகலில் பயமில்லாமல் நெருங்குகிற எதையும் தொடாமல் தகவல் கொடுங்கள். தோலுக்கு விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோட்டு ஓரத்துக்குக் கொயோட்டி முடி வாங்கிய கனடா கூஸ் கம்பெனி 2021இல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்த பிறகு சந்தை படுத்துவிட்டது. தெற்கு டெக்சாஸ் தோலுக்கு அதற்கு முன்பும் பெரிய மதிப்பு கிடையாது, முடி அடர்த்தி போதாது.

குட்டி ஈனல் தொடங்கும் தேதி தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், அந்த வாரத்துக் காற்றைப் பார்த்து இடம் பேசிக்கொள்வோம்.